இருபத்து மூன்றாம் எண் வண்டியின் ஏசி

ஹார்ன் க்ரீக் முகாம், மொன்டானா
ஜூன் 9, ஞாயிறு

அன்புள்ள லெனோர்,

நானும் என் வீட்டு வண்டியும் முழுசாக வந்து சேர்ந்துவிட்டோம். நான்கு நாள், நான்கு மாநிலம். யூட்டாவில் ஒரு டயர் வெடித்தது. அதைத் தவிர எல்லாம் சுகம். அரிசோனாவில் நூற்றுப் பத்து ஃபாரன்ஹீட்டில் வெந்துகொண்டிருந்தவள், இங்கே காலையில் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு காபி குடிக்கிறேன்.

வேலை போன வருஷத்து வேலைதான். கழிப்பறை கழுவ வேண்டும், விறகு விற்க வேண்டும், கரடிக்குச் சாப்பாடு போடாதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும். நேற்று ஒருத்தர் குடும்பத்தோடு வந்து, "கரடி எத்தன மணிக்கு வருங்க?" என்று கேட்டார். "டைம்டேபிள் இன்னும் அது குடுக்கலீங்க" என்றேன். மனிதர் தலையாட்டிவிட்டுப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

போன் இங்கே எடுக்காது, தெரியும்தானே. தபால் நிலையம் பதினெட்டு மைல். புதனும் சனியும் போவேன். போன வருஷம்போலவே என் பெயரைப் போட்டு அந்தத் தபால் நிலையத்துக்கே எழுது, எடுத்துவைப்பார்கள். நான் இதை உன் நிரந்தர விலாசத்துக்கு அனுப்புகிறேன். பதினைந்தாம் தேதி நீ நம் வண்டிகள் நிற்கிற ப்ளூ ஸ்பேட் பார்க்கைவிட்டுக் கிளம்புவதாகச் சொன்னாய், அடுத்த இடம் எது என்று சொல்லவில்லை. உன் தபாலை எல்லாம் சேர்த்துவைத்து நீ கேட்கும்போது கட்டாக அனுப்புகிற அந்த சவுத் டகோட்டாக்காரர்களை நம்பினால் இது உனக்குக் கிறிஸ்துமஸுக்குக் கிடைக்கும்.

இப்போது உன்மேல் கோபம். செவ்வாய்க்கிழமை விடியுமுன்பே சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாயே! இந்தக் குளிர்காலமும் ஆறு மாதம் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் கட்டிப்பிடித்துப் பிரிய வேண்டாமா? நான் எட்டு மணிக்குக் கிளம்பும்போது உன் வீட்டு வண்டி நின்றது, அதை இழுக்கிற டிரக்கைக் காணோம். நீ முந்தின நாள் சாயங்காலமே உன் நாயைக் கென்னல் காப்பகத்தில் விட்டுவிட்டதால் டீசலுக்கும் ஒரு முத்தம் கொடுக்க முடியவில்லை. அங்கே ஒழுங்காகச் சாப்பிட்டானா? என்னைத் தேடினானா? தேடினான் என்று பொய்யாவது எழுது.

இன்னொன்றுக்கும் திட்ட வேண்டும். என் ஒயரைக் கழற்ற நம் இரண்டு பேருக்கும் பொதுவான கரண்ட் பெட்டிக்குப் போனேன். இருபத்திரண்டாம் எண்ணில் என் பிரேக்கரை அணைத்துவிட்டு நிமிர்ந்தால், இருபத்து மூன்றாம் எண்ணில் உன் கூரையில் ஏசி ஜாம்ஜாமென்று ஓடுகிறது! காலி வண்டியில் ஏசி ஓடக் கூடாது என்று, போன வருஷம் பதினேழாம் எண் வண்டி எரிந்தபோது பார்க்குக்கே வகுப்பெடுத்தவள் நீ. ஊரிலுள்ள பாய்லரை எல்லாம் சோதிக்கிற அம்மாவுக்குச் சொந்த ஏசி மறந்துபோகும். உன் பிரேக்கரையும் அணைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஃபிரிட்ஜ் தானாகவே கேஸுக்கு மாறிவிடும், உன் பால் கெட்டிருக்காது. நன்றியெல்லாம் வேண்டாம். ஆகஸ்டில் இங்கே வரும்போது ஒரு பீச் பழ பை பலகாரம் சுட்டுக்கொண்டு வா.

டீசலுக்கு என் அன்பு. நேற்றுகூட பெட்ரோல் பங்கில் யாரோ டீசல் என்று கத்த, நான் திரும்பிப் பார்த்தேன்.

உன்,
மார்லிஸ்


ப்ளூ ஸ்பேட் பார்க், அரிசோனா
ஜூன் 10, திங்கள்

மார்லிஸ்,

உன் போனுக்கு நாற்பது தடவை அடித்திருப்பேன். எடுக்காது என்று தெரிந்தும் அடித்தேன்.

டீசல் செத்துப்போய்விட்டான்.

எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதற்கு முன் நான்கு தாள்களில் இதையே சுற்றிச்சுற்றி எழுதிக் கிழித்தேன். நேராகவே சொல்கிறேன்.

அவன் கென்னலில் இல்லை. உன்னிடம் பொய் சொன்னேன். திங்கட்கிழமை சாயங்காலம் அவனை அழைத்துக்கொண்டு போனேன். இருமல் தடுப்பூசிச் சீட்டு போன வாரமே காலாவதியாம். "சீட்டு இல்லாம உள்ள விட மாட்டோம் மேடம், எத்தனை வருஷப் பழக்கமா இருந்தாலும்" என்று கவுண்டரில் இருந்த பெண் சொல்லிவிட்டாள். மணி ஐந்தரை. நாய் டாக்டர் கடை மூடியாகிவிட்டது. விடிகாலை ஆறு மணிக்கு விமானம். டெக்சாஸில் ஒரு சுத்திகரிப்பு ஆலை என் கையெழுத்துக்காக மூன்று நாளாக பாய்லரை அணைத்துவைத்துக் காத்திருக்கிறது. ஒரே நாள் வேலை, சாயங்காலம் திரும்பிவிடலாம்.

உன்னிடம் கேட்டிருக்கலாம். நீ ஒரு நாள் தள்ளிக் கிளம்பியிருப்பாய். மார்ச்சிலும் அவனுக்காக உன் வேலைகளைத் தள்ளினாய், ஏப்ரலில் இரண்டு தடவை. மூன்றாவது தடவை நீ சிரித்துக்கொண்டே, "நாய நீ வளக்க வாங்கினியா, இல்ல எனக்கு வளக்கச் சொல்லி வாங்கினியா?" என்று கேட்டாய். வேடிக்கைதான். ஆனால் அது உள்ளே எங்கேயோ தங்கிவிட்டது. அதனால் கென்னலிலிருந்து திரும்பி வந்ததும் அவனைப் பின்வாசல் வழியாக வண்டிக்குள் ஏற்றிவிட்டு, நீ கேட்டபோது "விட்டுட்டேன்" என்றேன். நாயைத் தனியாகப் பூட்டிவைக்கக் கூடாது என்பது பார்க் விதி. எனவே அலுவலகத்திலும் அதே பொய்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏசி எழுபத்தைந்தில். இரண்டு பெரிய கிண்ணத்தில் தண்ணீர். ஜன்னலுக்கெல்லாம் வெயில் தடுக்கிற வெள்ளித்தாள். உள்ளே சூடு ஏறினால் என் போனுக்குச் செய்தி அனுப்புகிற கருவி. ஒரு பொறியாளர் யோசித்த எல்லாமே இருந்தது. ஆலை வாசலில் போனை வாங்கிப் பூட்டிவைத்துவிடுவார்கள் என்பது மட்டும், எட்டு வருஷமாகத் தெரிந்த அந்த ஒன்று மட்டும், அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

மூன்று மணிக்குப் போன் கைக்கு வந்தது. பதினெட்டுச் செய்திகள். 8.50க்கு 86. 9.30க்கு 93. பிறகு 99, 104, 109. பன்னிரண்டு மணிக்கு 115. ஒரு மணிக்கு 121. அதற்குப் பிறகு அந்தக் கருவியே பேச்சை நிறுத்திவிட்டது.

பார்க்கைப் பார்த்துக்கொள்கிற ஓட்டிஸுக்கு அடித்தேன்.

"ஓட்டிஸ், என் வண்டியத் திறங்க. டீசல் உள்ள இருக்கான்."

"டீசலா? அவன் கென்னல்லதானம்மா இருக்கான்?"

"இல்ல. உள்ள இருக்கான். ஒடைங்க!"

எழுபத்தொரு வயது மனிதர் கடப்பாரையோடு ஓடுகிற சத்தம் போனில் கேட்டது. அவர் மனைவி பேர்ல் பின்னாலேயே ஐஸ் ஐஸ் என்று கத்திக்கொண்டு வருவது கேட்டது. கதவு பிளக்கிற சத்தம். பிறகு ஓட்டிஸ், "லெனோர், நீ ஊருக்கு வந்து சேரும்மா. வர்ற வழியில இத நினைக்காம வா" என்றார்.

கதவின் கீழ்ச் சந்தில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தான் என்று பேர்ல் பிறகு சொன்னாள். நான் கேட்டிருக்கக் கூடாது.

கரண்ட் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இன்னும் எதுவும் விசாரிக்கவில்லை. பதினைந்தாம் தேதி கிளம்பவில்லை, அடுத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கேயே எழுது. கதவு இல்லாத வண்டியில் இருக்கிறேன், ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

வீட்டை விற்றுவிட்டு இந்த வண்டியை வாங்கியபோது என்ன கணக்குப் போட்டேன் தெரியுமா? வீடு என்னோடு வரும், நாய் என்னோடு வரும், வேலைக்கு மட்டும் நான் பறந்துபோய்த் திரும்புவேன். அந்தப் பறக்கிற நாட்களில் நாயிடம் வீடு மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்காது என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த இடத்தில் உன்னைப் போட்டுக்கொண்டேன். உன்னைக் கேட்காமலே.

என்னைத் திட்டி எழுது. நீ திட்டினால்தான் எனக்கு அழுகை வரும்போல இருக்கிறது.

லெனோர்


தபால் நிலைய வாசல்
ஜூன் 15, சனி

என் லெனோர்,

உன் கடிதத்தை இங்கேயே நின்று படித்தேன். தபால் நிலையத்து அம்மா நாற்காலி கொண்டுவந்து போட்டார். "யாராச்சும் போயிட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாய் என்று சொல்ல வாய் வரவில்லை.

உன்னைத் திட்ட மாட்டேன். என்னிடம் கேட்காதே, என்னால் முடியாது. உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. நீ எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறாய். ஏசி, தண்ணீர், வெள்ளித்தாள், எல்லாம். நான் சொல்வதைக் கேள், உன்மேல் தப்பு இல்லை.

அந்த வேடிக்கைப் பேச்சை நான் பேசியிருக்கக் கூடாது. நீ கேட்டிருந்தால் ஒரு நாள் என்ன, ஒரு மாதம் தங்கியிருப்பேன்.

மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது, மன்னித்துக்கொள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ சாப்பிடு. பேர்ல் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடு. கதவைச் சரிசெய், திறந்த வண்டியில் தூங்காதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒன்பதாம் தேதி உன் சவுத் டகோட்டா விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டிருந்தேன். அது வந்தால் பிரிக்காதே. எதுவும் தெரியாமல் எழுதினது. டீசலைப் பற்றியெல்லாம் கேலியாக எழுதியிருக்கிறேன். இப்போது அதைப் படித்தால் உனக்குத் தாங்காது. அப்படியே கிழித்துப் போட்டுவிடு. எனக்காக.

மார்லிஸ்


ப்ளூ ஸ்பேட் பார்க்
ஜூன் 22, சனி

அன்புள்ள மார்லிஸ்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தப்பு இல்லை, தப்பு இல்லை என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறாய்! உன் அன்பு புரிகிறது. ஆனால் நீ இப்படி எழுதுகிற ஆளே இல்லையே. "அறிவிருக்கா உனக்கு?" என்று தொடங்குவாய் என்றுதான் எதிர்பார்த்தேன்.

தப்பு என்மேல் மட்டும் இல்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது. சொல்கிறேன்.

கரண்ட் போகவில்லை. மின்வாரியத்தில் கேட்டேன். நான்காம் தேதி இந்தப் பக்கம் ஒரு நிமிஷம்கூடத் தடை இல்லை. அப்படியென்றால் என் பிரேக்கர் தானாக விழுந்திருக்க வேண்டும். ஓட்டிஸிடம் கேட்டேன், அன்றைக்குப் பெட்டியைப் பார்த்தீர்களா என்று. அவர் ஒளிக்காமல் சொன்னார்:

"பாத்தேம்மா. முப்பது வருஷம் கரண்ட் வேலை செஞ்சவன் நானு. தானா விழுந்தா குச்சி நடுவுல நிக்கும். உன்னோடது கடைசி வரைக்கும் போயிருந்துச்சு. யாரோ கைய வச்சு அணைச்சிருக்காங்க."

யாரோ! இந்தப் பார்க்கில் பெட்டியில் கைவைக்கிற ஆள் வேறு யார்? அதற்காகத்தானே அவருக்கும் பேர்லுக்கும் இடம் இலவசமாகக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கும் மதியமும் எல்லாப் பெட்டியையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர் வேலை. மதியம் சுற்றினாராம். என் ஏசி ஓடாததைப் பார்த்தாராம். "காலி வண்டின்னு நினைச்சேன், நீதானே கென்னல்னு சொன்ன" என்கிறார். காலையில்? காலையில் முதுகுவலி, இருபதாம் எண்ணோடு திரும்பிவிட்டாராம். எனக்கு அது நம்பும்படி இல்லை. வந்திருக்கிறார், எதையோ கழற்றி மாட்டியிருக்கிறார், மாற்றி அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். வயதாகிவிட்டது, மறந்திருக்கிறார். அல்லது மறக்கவில்லை.

பார்க் முதலாளிகளுக்கு எழுதினேன். என் தொழிலே அதுதானே, எங்கே கோளாறு, யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. மூன்று பக்கம். நாயைப் பூட்டிவைத்த என் தப்பையும் எழுதினேன், மறைக்கவில்லை. ஐந்தாவது நாள் பதில் வந்தது. ஓட்டிஸும் பேர்லும் ஜூலை பத்தாம் தேதிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம்.

நான் அதைக் கேட்கவில்லை, மார்லிஸ். விசாரியுங்கள் என்றுதான் எழுதினேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேர்ல் என் போர்வை வாசலில் வந்து நின்றாள்.

"உன் நாயத் தூக்கிட்டு வெளிய வந்தவரு அந்த மனுஷன். நடுராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குறாரு. அவரு மேல எழுத உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"பேர்ல், யாரோ அணைச்சிருக்காங்க. நீங்களே சொல்லுங்க, வேற யாரு?"

"எனக்குத் தெரியாது. ஆனா அவரில்ல. நாப்பத்தாறு வருஷமா பாக்குறேன். அவரு தப்பு செஞ்சா மொகத்துல தெரியும், திங்க மாட்டாரு. இப்ப அழறாரு, ஆனா திங்குறாரு."

இதை எழுதும்போதே சிரிப்பும் வருகிறது, உடம்பும் கூசுகிறது. அவர்களுடைய வண்டி நகரும் நிலையில் இல்லை. இன்ஜின் செத்து நான்கு வருஷம். எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும், அவர் அணைத்திருந்தால்? அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்கிறார் என்றால்? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அணைத்ததைவிட அது.

அன்றைக்கு எட்டு மணிக்குத்தான் கிளம்புவேன் என்று முந்தின நாள் சொன்னாயே. ஓட்டிஸ் நம் பக்கம் வந்தாரா? பார்த்தாயா? பார்த்தேன் என்றாலும் பார்க்கவில்லை என்றாலும் ஒரு வரி எழுது. எனக்கு அது ஒன்று போதும்.

உன் பழைய கடிதத்தைப் பிரிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சவுத் டகோட்டாவிலிருந்து மொத்தக் கட்டையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வருகிற வாரம் வந்துவிடும். நீ சொன்னபடி கிழிக்கப் போவதில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு யாராவது அவனைப் பற்றி எழுதியிருந்தால் எனக்கு அதைப் படிக்க வேண்டும். அது கேலியாக இருந்தாலும்.

உன்,
லெனோர்


ஹார்ன் க்ரீக் முகாம்
ஜூன் 26, புதன்

லெனோர்,

ஓட்டிஸ் வரவில்லை. நான் அணைத்தேன்.

என் ஒயரைக் கழற்றும்போது உன் ஏசி ஓடுவதைப் பார்த்தேன். வண்டி காலி, நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். பதினேழாம் எண் எரிந்தது ஞாபகம் வந்தது. உன் பிரேக்கரை அணைத்தேன். மணி எட்டு இருக்கும். அணைத்துவிட்டு உன் வண்டியைத் தட்டிக்கூடக் கொடுத்தேன், குதிரையைத் தட்டுவதுபோல. "போய்ட்டு வர்றேன்" என்று சொன்னேன்.

உள்ளே அவன் இருந்திருக்கிறான்.

ஒரு சத்தமும் வரவில்லை. பதினொரு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன், ஏன் குரைக்கவில்லை, குரைத்திருந்தால் தெரிந்திருக்குமே என்று. நேற்றுக் கழிப்பறை கழுவும்போதுதான் உறைத்தது. அவன் என் காலடிக்குக் குரைக்க மாட்டான். வேறு யார் அந்தப் பெட்டிக்கிட்ட வந்திருந்தாலும் ஊரைக் கூட்டியிருப்பான். வந்தது நான் என்பதால் வாலை ஆட்டிக்கொண்டு, கதவு திறக்கும் என்று நின்றிருப்பான். வாளியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாம் எல்லோரும் செய்கிறதுதானே இது. காற்று அடித்தால் பக்கத்து வண்டிப் பந்தலைச் சுருட்டிவைக்கிறோம். குழாய் ஒழுகினால் மூடுகிறோம். யாரையும் கேட்பதில்லை. எனக்கு நீ எத்தனை தடவை செய்திருக்கிறாய்! அப்படித்தான் செய்தேன். இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. நடந்தது இதுதான் என்று சொல்கிறேன்.

போன கடிதத்தில் சொல்லியிருக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து உன் எழுத்தைப் படித்து முடிக்குமுன்பே தெரிந்துவிட்டது. 8.50க்கு 86 என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில். தபால் நிலையத்து அம்மாவிடம் கேட்டால் போன் கொடுத்திருப்பார். கேட்கவில்லை. உன் குரலைக் கேட்டால் பாதியில் வேறு எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன் என்று பயம். எழுதினாலும் அதையேதான் செய்தேன். கிழித்துப்போடு என்று உன்னிடம் கேட்டேனே, அதை நினைத்தால் என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். பார்க் முதலாளிகளுக்கு. என் பெயர், என் இருபத்திரண்டாம் எண், நான் அணைத்த நேரம், கையெழுத்து. அதை அவர்களுக்கு அனுப்பு. நானும் ஒன்று நேராக அனுப்பியிருக்கிறேன். ஓட்டிஸை அனுப்பக் கூடாது.

நீ என்ன வேண்டுமானாலும் சொல்லு. எதையும் கேட்டுக்கொள்கிறேன்.

மார்லிஸ்


ப்ளூ ஸ்பேட் பார்க்
ஜூலை 6, சனி

மார்லிஸ்,

சவுத் டகோட்டாக் கட்டு திங்கட்கிழமை வந்தது. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அந்த இரண்டு நாள் என்னிடம், பீச் பழ பை கேட்டு நீ எழுதின அந்தப் பழைய கடிதம் மட்டும்தான் இருந்தது.

முதல் தடவை படித்தபோது சிரித்துக்கொண்டுதான் படித்தேன். கரடிக்கு டைம்டேபிள். டீசலுக்கு ஒரு முத்தம். அப்படியே ஓடிவந்து ஏசி வரியில் விழுந்தேன். ஒன்றும் ஓடவில்லை. பாலெல்லாம் கெட்டிருக்காது என்று நீ எழுதியிருந்தது சரிதான் என்று தோன்றியது. உண்மையிலேயே அதைத்தான் முதலில் நினைத்தேன், பால் கெடவில்லை என்று. எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

பிறகு ஓட்டிஸ் வண்டிக்குப் போனேன். அவர் அட்டைப்பெட்டியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். உன் பழைய கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். பேர்ல் வாங்கிப் படித்தாள்.

"அடக் கடவுளே, மார்லிஸா!" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எங்க மேல எழுதறப்ப மூணு பக்கம் ஓடுச்சில்ல பேனா? இப்ப எத்தன பக்கம் ஓடும்னு பாக்குறேன்" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. நான் குற்றம் சொன்னது தவறு, ஓட்டிஸ் செய்யவில்லை, என் நாயை நான்தான் விதியை மீறிப் பூட்டிவைத்தேன், என் பொய்யால்தான் வண்டி காலி என்று எல்லோரும் நம்பினார்கள். புதன்கிழமை உன் தாள் வந்ததும் அதையும் சேர்த்து அனுப்பினேன். நேற்று முதலாளிகள் போனில் பேசினார்கள். ஓட்டிஸும் பேர்லும் இங்கேயே இருக்கலாம் என்றார்கள்.

ஓட்டிஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா, சரிம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பேர்ல்தான் பேசினாள்: "நாங்க இருக்கோம். போக எடமில்ல, அதனால இருக்கோம். மன்னிச்சுட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு நீ நிம்மதியாத் தூங்கிடாத." தூங்கவில்லை என்றேன். "நல்லது" என்றாள். அன்று சாயங்காலம் ஒரு தட்டில் சோளரொட்டியும் பீன்ஸும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது உன் விஷயம்.

நீ பிரேக்கரை அணைத்ததை, அந்த வரியைப் படித்து முடிக்குமுன்பே மன்னித்துவிட்டேன். மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் அணைத்திருப்பேன். தட்டிக்கொடுத்தும் இருப்பேன். அவனைக் கொன்றது என் ஒரு வார்த்தையும் உன் ஒரு விரலும். இரண்டையும் பிரித்து எடைபோட எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் செய்ய மாட்டேன்.

அந்தப் பதினொரு நாளும் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதும் எனக்குப் புரிகிறது. உன் வாய்க்குப் பயந்து நான் பொய் சொன்னேன். என் துக்கத்துக்குப் பயந்து நீ மறைத்தாய். ஆறு குளிர்காலம் ஒரே பெட்டியில் ஒயர் மாட்டிக்கொண்டு இருந்தவர்கள், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் இவ்வளவு பயந்திருக்கிறோம். எனக்கு அதிர்ச்சியாக இருப்பது அதுதான். டீசல் போனதைவிடக்கூட என்று எழுதப் போனேன். இல்லை. அதைவிட இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் வருகிறது.

உன் கடிதம் வந்ததும் முதலில் தேதியைப் பார்த்தேன். ஜூன் 26. கட்டு எனக்குக் கிடைப்பதற்கு ஐந்து நாள் முன்பு. அவளாகவே சொல்லிவிட்டாள், நான் கண்டுபிடிக்குமுன்பே சொல்லிவிட்டாள் என்று உரக்கவே சொல்லிக்கொண்டேன், அந்தப் போர்வையைப் பார்த்து. பிறகு, நான் உனக்கு எழுதினது நினைவுக்கு வந்தது. ஓட்டிஸைக் காலி செய்யச் சொன்னதை எழுதிய அதே கடிதத்தில், கட்டை வரவழைக்கிறேன், உன் பழைய கடிதத்தைக் கண்டிப்பாகப் படிப்பேன் என்றும் எழுதியிருந்தேன். இரண்டையும் ஒரே தாளில்.

அந்த இரண்டில் எதைப் படித்துவிட்டு உண்மையை எழுதினாய், மார்லிஸ்?

ஓட்டிஸுக்காக என்று நீ சொல்வாய். நான் நம்ப விரும்புவேன். கொஞ்ச நாள் நம்பவும் செய்வேன். பிறகு ஒருநாள் காலையில் நீ காபிக் கோப்பையோடு என் வண்டிப் படியில் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரிப்பாய், நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதையே கேட்டுக்கொண்டிருப்பேன். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு உன்னையும் வதைத்து நானும் சாக எனக்கு விருப்பமில்லை. இதற்கு விடை உனக்கேகூடத் தெரியாமல் இருக்கலாம். அதனால் அதை எழுதாதே.

கதவைப் போட்டாகிவிட்டது. ஓட்டிஸ்தான் போட்டுக்கொடுத்தார். நான் திங்கட்கிழமை கிளம்புகிறேன். வேலை கொடுப்பவர்களிடம் இனிமேல் விமானம் வேண்டாம், வண்டியில் போய்ச்சேருகிற தூரத்தில் இருப்பதை மட்டும் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். கொடுப்பார்களா தெரியவில்லை. யாருக்காக இப்போது அதைக் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை.

ஆகஸ்டில் அங்கே வரவில்லை. உனக்கே தெரிந்திருக்கும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உன் பின் டயர் இரண்டும் தேய்ந்திருக்கிறது, மலையிலிருந்து இறங்குமுன் மாற்று. கழிப்பறைக்குப் போட்டுக் கழுவுகிற அந்த மருந்துக்குக் கையுறை போடு, உனக்குத் தோல் உரியும்.

ஒரு உதவி வேண்டும். இந்தக் குளிர்காலத்துக்கு எந்தப் பார்க்கில் நிறுத்தப்போகிறாய் என்று மட்டும் ஒரு வரி எழுது. நான் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்தான்,
லெனோர்